அரை ஹைபிரிட் கோச்சி

மலையகத்துக்கு முதன்முதலா வந்த ஹைபிரிட் வண்டி எது? ஹட்டன் டவுன்ல நின்னு கேட்டா பிரியஸ், அக்வா, வெசல் என்று ஆளுக்கு ஒரு பேர் சொல்வாங்க. என் பதில் வேற. நம்ம கோச்சிதான். முழு ஹைபிரிட் இல்லை, அரை ஹைபிரிட். டீசலும் மின்சாரமும் சேர்ந்து ஓட்டும் அந்த வண்டி 1950களிலிருந்தே நம்ம மலையில ஏறி இறங்குது. மீதி அரை என்ன, அது ஏன் வரலை என்பதைத்தான் இங்கே பேசப்போறேன்.

முதலில் பாதையைப் பார்ப்போம். ரயில் ஹட்டனுக்கு வந்தது 1884இல், நானுஓயாவுக்கு 1885இல். கோப்பி நோயில் அழிந்து, தேயிலை அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. தோட்டத்துச் சரக்கைத் துறைமுகத்துக்கு இறக்கத்தான் அந்தப் பாதை. செங்குத்தான இடங்களில் 44 அடிக்கு ஓரடி உயரும். உச்சி பட்டிப்பொலயில், 1,898 மீட்டர். ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் நடுவில சிங்கமலைச் சுரங்கம், நீளம் அரைக் கிலோமீட்டருக்கும் மேல்.

நீராவி என்ஜினுக்கு இது பெரிய சோதனை. ஏற்றத்தில் சக்கரம் வழுக்கும். கடுகண்ணாவ ஏற்றத்தில் பின்னாலிருந்து தள்ள இன்னொரு என்ஜின் வேணும். சுரங்கத்துக்குள்ள புகை மூச்சை அடைக்கும். இலங்கையில் நிலக்கரிச் சுரங்கமும் கிடையாது. கரி கப்பலில்தான் வரணும்.

டீசல் என்ஜின் இதுக்கெல்லாம் பதிலா வந்தது. ஆனா அதுக்கும் ஒரு குறை இருக்கு. நின்ற இடத்திலிருந்து பாரத்தை இழுக்கத் தெரியாது. கொஞ்சம் வேகமா சுற்றினால்தான் அதுக்குப் பலம் வரும். அதனாலதான் லொறிக்குக் கிளட்ச்சும் கியரும். நூற்றுக்கணக்கான தொன் இழுக்கிற வண்டிக்கு அப்படி ஒரு கியர்ப் பெட்டி செய்வது கஷ்டம்.

பொறியாளர்கள் கண்ட வழி இது: டீசல் சக்கரத்தைத் தொடவே வேண்டாம். அது ஜெனரேட்டரை மட்டும் சுற்றட்டும். அந்த மின்சாரத்தில் அச்சுகளில் இருக்கிற மோட்டார்கள் ஓடட்டும். மின் மோட்டாரின் விசேஷமே, நிற்கும்போதே அதன் இழுவை அதிகம் என்பதுதான். மலைக்கு வேண்டியதும் அதுதானே. தோட்டத்து ஃபேக்டரியில கரண்ட் போனா ஜெனரேட்டரைப் போட்டு மெஷினை ஓட்டுவாங்க இல்லையா? அதையே சக்கரத்தில் ஏற்றினால் நம்ம கோச்சி.

1950களின் தொடக்கத்தில் பிரிட்டனிலிருந்து பிரஷ் பாக்னல் என்ஜின்கள் வந்தன. 1954 முதல் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா தந்த எம்2 என்ஜின்கள் வந்தன. கனடாவில் ஜெனரல் மோட்டார்ஸ் செய்தவை, சுமார் 1,400 குதிரைச்சக்தி. தந்த நாட்டின் மாகாணப் பெயர்களையே அவற்றுக்கு வைத்தார்கள்: ஒன்டாரியோ, அல்பேர்ட்டா, சஸ்கச்சுவான். டீசலுக்கு மாறும் அந்தக் காலத்தில் ரயில்வேயை நடத்தியவர் பொறியாளர் பி. டி. ரம்பால. 1956இல் உடரட்ட மெனிக்கே ஓடத் தொடங்கியது. 1979இல் மலைப்பாதைக்கென்றே ஜெர்மனியிலிருந்து எம்6 வந்தது.

சரி, இதே யோசனை காருக்கு ஏன் வரலை? வராமல் இல்லை. 1900இலேயே ஃபெர்டினான்ட் போர்ஷ, பெற்றோல் என்ஜினால் மின்சாரம் செய்து, சக்கரத்திலேயே மோட்டார் வைத்த கார் ஒன்றைக் கட்டினார். 1970களின் எண்ணெய் நெருக்கடிக் காலத்தில் அமெரிக்காவில் ஒருத்தர் பழைய ஓப்பல் காரில் புல்வெட்டும் மெஷினின் என்ஜினைப் பூட்டி, வீட்டிலேயே ஒரு ஹைபிரிட் செய்தார். நம்ம எம்2-வைச் செய்த அதே ஜெனரல் மோட்டார்ஸ் 2000இல் ‘பிரிசெப்ட்’ என்ற டீசல் ஹைபிரிட் காரைக் காட்சிக்கு வைத்தது, விற்பனைக்கு வரவேயில்லை. பெஜோ 3008தான் ஐரோப்பாவில் கடைக்கு வந்த முதல் டீசல் ஹைபிரிட் கார், அதுவும் 2011–12இல்தான். அந்த வகையும் பெரிசா நிலைக்கலை.

காரணம் எடையும் விலையும். டீசல் என்ஜினே பெற்றோல் என்ஜினை விடக் கனம், விலையும் கூட. அதுமேல மோட்டாரும் பெட்டரியும் ஏற்றினால் மிச்சமாகிற எண்ணெய்க்காசு வண்டி விலைக்கே சரியாப் போயிரும். ரயில் என்ஜின் கதை தலைகீழ். அதுக்குக் கனம் வேணும். கனம் இருந்தால்தான் சக்கரம் தண்டவாளத்தைப் பிடிக்கும். காருக்குச் சாபமானது கோச்சிக்கு வரமானது.

இப்ப அந்த மீதி அரை. பிரியஸ் இறக்கத்தில் போகும்போது அதன் மோட்டார் ஜெனரேட்டராக மாறி, வேகத்தைக் கரண்டாக்கிப் பெட்டரியில் சேர்க்கும். நம்ம கோச்சியில் அந்தப் பெட்டரி இல்லை. பட்டிப்பொலயிலிருந்து கடல்மட்டம் வரை இறங்குகிற பாரத்தின் சக்தி பிரேக்கில் சூடாகிக் காற்றோட போயிரும்.

எத்தனை வருஷமா எவ்வளவு பாரம் இறங்கியிருக்கு! நம்ம ஆட்கள் முதுகில் கூடை சுமந்து பறித்த கொழுந்து, தேயிலையாகிப் பெட்டி பெட்டியா இறங்கியது. பிறகு ஆட்களே இறங்கினார்கள். 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதாக முடிவு செய்தது. போறவங்களை யாரும் கேட்கவில்லை. ஹட்டனிலும் நானுஓயாவிலும் ஏறி, பொல்காவலை வழியா தலைமன்னாருக்குப் போய், அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம். பிளாட்பாரத்தில் எழுந்த அழுகையால் அந்த வண்டிக்கு நம்ம சனங்கள் வைத்த பேர் ‘ஒப்பாரிக் கோச்சி’. 1984இல் கப்பல் நின்றதோடு அந்தப் பயணமும் நின்றது.

எங்க பாட்டி ஸ்டேஷன்ல தன் தம்பியை ஏற்றி விட்டவ. “கோச்சி குலுங்கக்கூட இல்லடா, சத்தமில்லாம நகர்ந்துருச்சி, கைய எப்ப விட்டேன்னே தெரியல” என்பா. நின்ற இடத்திலிருந்து குலுக்காமல் இழுக்கிறதுதான் அந்த மோட்டாரின் பெருமை என்று நான் படித்துத் தெரிந்துகொண்டது ரொம்பப் பிறகு. இப்ப அந்தப் பெருமையைப் படிக்கும்போதெல்லாம் பாட்டியின் கைதான் ஞாபகத்துக்கு வருது.

மீதி அரை நடக்காத காரியமில்லை. ஜப்பானில் கொவுமி என்ற மலைப்பாதையில் 2007 முதல் கிஹா இ200 என்ற ரயில் ஓடுது. டீசல், ஜெனரேட்டர், மோட்டார், கூடவே பெட்டரி. இறங்கும்போது சேர்ப்பதை அடுத்த புறப்பாட்டுக்கு எடுத்துக்கொள்ளும். அந்தப் பாதையின் உச்சி 1,375 மீட்டர். நம்ம பட்டிப்பொல அதைவிட 500 மீட்டருக்கும் மேல உசரம்.

2022இல் டீசலுக்கு நாட்டையே வரிசையில் நிற்க வைத்த நாடு இது. இன்றைக்கு எல்ல வரைக்கும் ஜன்னலோரம் நின்று படம் எடுக்கிறவங்களுக்காக இந்தப் பாதை உலகப் புகழ். ஆனா கொழும்பு ஆஸ்பத்திரிக்கும் வேலைக்கும் போக நம்ம சனங்கள் நம்பியிருப்பதும் இதே பாதையைத்தான். அடுத்த முறை மலைப்பாதைக்குப் புது என்ஜின் வாங்கும் பேச்சு வந்தா, “எத்தனை குதிரைச்சக்தி?” என்பதோட நிறுத்திடாம இன்னொரு கேள்வியையும் கேட்போம்: “இறங்கும்போது என்னத்த சேர்த்து வைக்கும்?”