யாருக்கு ஓட்டுன்னு தெரியாது... போட்டாரா இல்லையான்னு தெரியும்! அமெரிக்கக் கட்சிகள் ஆள் தேடுவது எப்படி?

அமெரிக்காவில் யாருக்கு ஓட்டு போட்டார் என்பது ரகசியம்தான். ஆனா, எந்தெந்தத் தேர்தலில் ஓட்டு போட்டார் என்பது மாகாண அரசின் பதிவேட்டிலேயே இருக்கும். கட்சிகள் அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். விதிமுறை மாகாணத்துக்கு மாகாணம் மாறும்.

அப்புறம் கணக்கு சிம்பிள். தவறாமல் ஓட்டு போடுபவரிடம் 'வாங்க வாங்க' என்று கெஞ்ச வேண்டியதில்லை. அதிபர் தேர்தலுக்கு மட்டும் வந்துவிட்டு, இடைக்காலத் தேர்தலில் தலைகாட்டாதவர் வீட்டுக் கதவுதான் அதிகம் தட்டப்படும்.

இந்தப் பதிவேட்டுக்கு எவ்வளவு பவர்? 2006 ஆகஸ்டில் மிச்சிகன் மாகாண முதனிலைத் தேர்தலின்போது ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். நீங்களும் பக்கத்து வீட்டுக்காரரும் முன்பு ஓட்டு போட்டீர்களா இல்லையா என்று பட்டியல் போட்டு, 'தேர்தல் முடிந்ததும் புதுப் பட்டியல் அனுப்புவோம்' என்றும் எழுதி தபால் அனுப்பினார்கள். தபால் வராதவர்களில் 29.7 சதவீதம் பேர் ஓட்டு போட, வந்தவர்களில் அது 37.8 சதவீதம். ஒரே ஒரு கடிதம்! கொஞ்சம் மிரட்டல் மாதிரிதான், ஆனா வேலை செய்தது.

சிக்கல் வேறு இடத்தில். எப்போதுமே ஓட்டு போடாதவரை 'வரமாட்டார்' என்று கட்சிகள் பெரும்பாலும் பட்டியலிலிருந்தே கழித்துவிடுகின்றன. 18 வயது நிரம்பியவருக்கோ பழைய பதிவே கிடையாது. வயதையும் ஏரியாவையும் வைத்துத்தான் அவரைக் கணிக்கிறார்கள்.