தட்டச்சுப்பொறியை இழந்த மினா: டிராகுலா நாவலும் அதன் திரைத் தழுவல்களும் (1897–1992)

முன்னுரை

பிராம் ஸ்டோக்கரின் டிராகுலா நாவல் 1897ஆம் ஆண்டு மே 26ஆம் நாள் இலண்டனில் வெளிவந்தது. அதற்கு எட்டு நாள்களுக்கு முன்னரே, மே 18ஆம் நாள், அதன் நாடக வடிவம் ஒன்று லைசியம் அரங்கில் வாசிக்கப்பட்டுவிட்டது. அவ்வரங்கின் மேலாளராகப் பணியாற்றிய ஸ்டோக்கர், நாவலின் அச்சுப்படிகளை வெட்டி ஒட்டி அப்பிரதியை ஆக்கினார். மேடை உரிமை பிறர் கைக்குப் போகாமல் காப்பதே அவ்வாசிப்பின் நோக்கம். ஆகவே இந்நாவலின் தழுவல் வரலாறு நூலின் வெளியீட்டுக்கும் முற்பட்டது. உரிமைச் சிக்கலோடு சேர்ந்தே பிறந்தது.

டிராகுலாத் தழுவல்களைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் பிரபுவின் உருவத்தைச் சுற்றியே அமைகிறது. எந்த நடிகர் மூலத்துக்கு நெருக்கமானவர், எந்தப் படம் கதையை மாற்றவில்லை என்னும் வினாக்களே திரும்பத் திரும்ப எழுப்பப்படுகின்றன. இவ்வினாக்கள் பயனற்றவை அல்ல. ஆயினும் நாவலில் பிரபு நேரில் தோன்றும் பக்கங்கள் முதல் நான்கு இயல்களுக்குப் பின் மிகச் சில. எஞ்சிய பெரும்பகுதி ஆவணங்களால் ஆனது. அவ்வாவணங்களைத் தொகுப்பவள் மினா. திரைத் தழுவல்கள் இழந்தது பிரபுவை அன்று, தொகுப்பாளரான இப்பெண்ணையே என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

நாவலில் ஆவணமும் தொகுப்பும்

நாவலுக்கென ஒற்றைக் கதைசொல்லி இல்லை. ஜொனாதன் ஹார்க்கரின் சுருக்கெழுத்து நாட்குறிப்பு, மருத்துவர் செவார்ட் மெழுகு உருளைகளில் பேசிப் பதிந்த குறிப்புகள், மினா, லூசி ஆகியோரின் கடிதங்கள், தந்திகள், செய்தித்தாள் நறுக்குகள், டெமெட்டர் என்னும் கப்பலின் பதிவேடு என வெவ்வேறு கைகளிலிருந்து வந்த எழுத்துகளே இருபத்தேழு இயல்களாக அடுக்கப்பட்டுள்ளன. பிரபுவின் குரல் பிறர் எழுத்தின் வழியாக மட்டுமே கேட்கிறது. அவனுக்கு வாசிக்க இயலாத எழுத்து ஒன்று உண்டு என்பதும் நோக்கத்தக்கது. கோட்டையில் சிறைப்பட்ட ஹார்க்கர் சுருக்கெழுத்தில் எழுதிய கடிதத்தைப் பிரபு விளக்குச் சுடரில் எரித்துவிடுகிறான். அதைப் படிக்க அவனால் முடியவில்லை.

மினா ஒரு பள்ளியின் உதவி ஆசிரியை. கணவனின் தொழிலுக்கு உதவுவதற்காகச் சுருக்கெழுத்தும் தட்டச்சும் பழகியவள். செவார்டின் மெழுகு உருளைகளைக் கேட்டு, ஒரே அடிப்பில் மூன்று படிகள் வருமாறு தட்டச்சு செய்து, அனைத்தையும் கால வரிசைப்படுத்துகிறாள். இப்பணி முடியும் வரை தாம் எதிர்கொள்வது என்ன என்பது ஒருவருக்கும் முழுமையாகத் தெரிவதில்லை. ஒவ்வொருவரிடமும் ஒரு துண்டு மட்டுமே இருக்கிறது. பிரபு பின்னர் புகுந்து மூலப்பிரதியையும் உருளைகளையும் எரித்தபோதும், இரும்புப் பெட்டியில் இருந்த மற்றொரு படி தப்புகிறது. இரத்தக்காட்டேரியை முறியடித்தவற்றுள் சிலுவையோடும் பூண்டோடும் இந்தத் தட்டச்சுப் படியையும் சேர்க்க வேண்டும்.

இவ்விடத்தில் நாவலின் கதைப்பின்னல் கூர்மையானது. தொகுப்பு முடிந்ததும், பெண்ணுக்கு இது தகாது என்று ஆண்கள் மினாவைத் தம் ஆலோசனையிலிருந்து விலக்குகின்றனர். அவள் தாக்கப்படுவது அந்த விலக்கின் போதுதான். மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்ட பின், பிரபு எந்த ஆற்றின் வழியே கோட்டைக்குத் திரும்புவான் என்பதை நிலப்படத்தையும் குறிப்புகளையும் ஒப்பிட்டு அவளே எழுத்தில் நிறுவுகிறாள். பாதுகாப்பு என்னும் பெயரில் செய்யப்பட்ட விலக்கலை ஸ்டோக்கர் பிழையாகவே காட்டுகிறார். அவர் பெண் விடுதலையாளர் என்று இதனால் கூறிவிட முடியாது. புதுமைப் பெண் என்னும் அக்கால வகைமையை மினாவே எள்ளும் இடங்கள் நாவலில் உண்டு. ஆனால் ஆசிரியரின் கருத்தைவிடக் கதையின் இயக்கம் ஒருபடி முன்னே செல்கிறது. ஜெர்மானிய ஊடக ஆய்வாளர் ஃப்ரீட்ரிக் கிட்லர் 1982இல் எழுதிய கட்டுரையில் இந்நாவலைப் பதிவு இயந்திரங்களின் வரலாற்றோடு இணைத்து வாசித்தமை இங்கு நினைவுகூரத்தக்கது.

நோஸ்ஃபெராட்டு: படிக்கும் பெண்

1922ஆம் ஆண்டு பெர்லினில் திரையிடப்பட்ட முர்னாவின் நோஸ்ஃபெராட்டு உரிமை பெறாத தழுவல். திரைக்கதையாசிரியர் ஹென்ரிக் காலீன் பெயர்களை மாற்றிக் கதையை 1838ஆம் ஆண்டின் விஸ்போர்க் என்னும் கற்பனை ஊருக்கு நகர்த்தினார். எனினும் மூலநூலின் பெயர் படத்தின் தொடக்க எழுத்துகளிலேயே இடம்பெற்றது. ஸ்டோக்கரின் மனைவி ஃப்ளாரன்ஸ் தொடுத்த வழக்கில் 1925இல் படச்சுருள்களை அழிக்குமாறு தீர்ப்பாயிற்று. அதற்குள் தயாரிப்பு நிறுவனமான பிரானா நொடித்திருந்தது. சில படிகள் தப்பின. மூலப்பிரதி எரிந்தும் படி எஞ்சிய நாவல் நிகழ்ச்சி அதன் முதன்மைத் தழுவலுக்கே நேர்ந்தது ஒரு வியப்பு.

சூரிய ஒளியில் இரத்தக்காட்டேரி அழியும் வழக்கம் இப்படத்திலிருந்து பரவியது. நாவலில் பிரபு பகலில் நடமாடுகிறான். ஆற்றல் குறைகிறது, அவ்வளவே. பட்டப்பகலில் இலண்டன் பிக்காடிலியில் அவனை ஹார்க்கர் காண்கிறார். அவன் இறப்பது ஞாயிறு மறையும் தறுவாயில், இரண்டு கத்திகளால்.

இம்மாற்றம் பலராலும் சுட்டப்பட்டதே. குறைவாகக் கவனிக்கப்படுவது எல்லன் என்னும் பாத்திரத்தின் வாசிப்பு. கணவன் தடுத்தும் அவள் இரத்தக்காட்டேரிகளைப் பற்றிய நூலைப் படிக்கிறாள். அழிக்கும் வழியை அதில் காண்கிறாள். சட்டத்தின் பார்வையில் மூலத்தைத் திருடிய இப்படமே, பெண்ணின் வாசிப்பு படைக்கலமாகும் நாவலின் கருவை மற்றப் படங்களைவிட நன்கு காத்துள்ளது என்பது என் மதிப்பீடு. வேறுபாடும் சிறியதன்று. மினா படித்ததைப் படியெடுத்துப் பகிர்கிறாள், பிழைக்கிறாள். எல்லன் தனியே படிக்கிறாள், விடியும் வரை அவனைத் தன்னருகே நிறுத்தி உயிர்துறக்கிறாள். கூட்டு உழைப்பு தற்பலியாகச் சுருங்குகிறது.

மேடை வழியே வந்த பிரபு

1931ஆம் ஆண்டின் டாட் பிரௌனிங் படத்துக்கு நேர்மூலம் நாவலைக் காட்டிலும் நாடகமே. ஹாமில்டன் டீன் 1924இல் அரங்கேற்றிய நாடகத்தை ஜான் பால்டர்ஸ்டன் திருத்தி எழுத, 1927இல் நியூயார்க்கில் பேலா லுகோசி அதில் நடித்தார். வெண்மீசை கொண்ட முதிய பிரபு மாலை விருந்துக்குரிய உடையணிந்த கனவானாக மாறியது மேடையில்தான். வரவேற்பறைக்குள் அழைக்கத்தக்கவனாக அவன் இருக்க வேண்டியிருந்தது. ஆவணங்களை மேடையேற்ற முடியாது, உரையாடலையே ஏற்றலாம். ஆகவே நாட்குறிப்புகள் மறைந்தன; வான் ஹெல்சிங் பேசுகிறார், பிறர் கேட்கின்றனர். மினா இங்குச் செவார்டின் மகள். காக்கப்படுவதன்றி அவளுக்கு வேறு பணி இல்லை.

டெரன்ஸ் ஃபிஷர் இயக்கிய 1958ஆம் ஆண்டுப் படத்தில் ஹார்க்கரின் நாட்குறிப்பும் ஒலிப்பதிவுக் கருவியும் திரும்பி வருகின்றன. ஆனால் அக்கருவியில் பேசுபவர் வான் ஹெல்சிங். நாட்குறிப்பை ஆர்தரிடம் கொடுப்பவரும் அவரே. மினா இப்போது ஆர்தரின் மனைவி. பிரபுவின் சவப்பெட்டி அவள் வீட்டின் நிலவறையிலேயே கிடக்கிறது. அங்கே போகக் கூடாதென்று பணிப்பெண்ணுக்கு ஆணையிட்டிருப்பவள் மினா. நாவலில் பிரபுவின் வழியைக் கண்டு சொன்னவள் இங்கு அவன் இருப்பிடத்தை மறைப்பவள். இத்தலைகீழ் மாற்றம் தற்செயலாக நேர்ந்திருக்கலாம். நேர்ந்த திசை கவனத்துக்குரியது.

துருக்கியில் 1953இல் வெளிவந்த இஸ்தான்புலில் டிராகுலா என்னும் படத்தில் நாயகி மேடை நடனக்காரி. அலி ரிசா செய்ஃபி 1928இல் துருக்கிச் சூழலுக்கு மாற்றி எழுதிய நாவலே அதன் அடிப்படை. வாலாக்கிய மன்னன் விளாடையும் பிரபுவையும் வெளிப்படையாக ஒருவராக்கியவர் செய்ஃபி. விளாட் என்னும் பெயர் ஸ்டோக்கர் நாவலில் ஒருமுறையும் வருவதில்லை. அம்மன்னனை எதிர்த்துப் போரிட்ட நாட்டினருக்கு அவன் வரலாற்று நினைவாக இருந்தான். இலண்டன் வாசகருக்கு அவன் பெயரே அயலானது. மேலையுலகில் இவ்விணைப்பைப் பரப்பியது 1972இல் மெக்னலியும் ஃப்ளோரெஸ்குவும் எழுதிய நூல்.

1992: ஆசிரியர் பெயர் தாங்கிய படம்

பிரான்சிஸ் ஃபோர்ட் கொப்போலாவின் படம் ஸ்டோக்கரின் பெயரைத் தலைப்பிலேயே சூடியது. அவ்வுரிமைக் கோரலுக்கு ஓரளவு நியாயம் உண்டு. நாட்குறிப்புகள், மெழுகு உருளை, தட்டச்சுப்பொறி யாவும் திரையில் காட்டப்படுகின்றன. இறுதியில் இரண்டு கத்திகளும் வருகின்றன. இருப்பினும் படம் தொடங்குவது 1462ஆம் ஆண்டில், விளாடின் மனைவி எலிசபெத்தாவின் சாவில். மினா அவளுடைய மறுபிறவி. பிரபுவைக் காதலிக்கிறாள், அவனுக்கு விடுதலை தரும் இறுதி அடியும் அவளுடையதே.

முந்தைய படங்களின் மினாவைவிட இவளுக்குச் செயலுரிமை மிகுதி என்று வாதிடலாம். அச்செயலின் ஊற்று எது என்பதே வினா. நாவலின் மினா பிரபுவை அறிவது சான்றுகளை ஒப்பிட்டு. படத்தின் மினா அவனை அறிவது முற்பிறவி நினைவால். தட்டச்சுப்பொறி மேசைமேல் இருக்கிறது, காலத்தின் அடையாளப் பொருளாக. கதையை அது நகர்த்துவதில்லை. பொருள்களில் மூலத்துக்கு மிக நெருங்கிய படம் அறிதல் முறையில் அதைவிட்டு நெடுந்தொலைவு சென்றுள்ளது.

நாவலின் முடிவில், ஏழாண்டுகளுக்குப் பின் ஹார்க்கர் எழுதிய குறிப்பு ஒன்று உள்ளது. இத்தனை தாள்களில் மூல ஆவணம் என்று காட்டத்தக்கது அரிது, கிடப்பவை தட்டச்சுத் தாள்களே என்று அவர் வருந்துகிறார். பிறர் நம்புவர் என்ற எதிர்பார்ப்பும் அவருக்கு இல்லை. அவர் குறையாகச் சொல்லும் அத்தாள்களில் மிகப் பல மினா அடித்தவை. இக்குறிப்பைத் தன் இறுதிக் காட்சியாகக் கொண்ட படம் இங்கு ஆராயப்பட்டவற்றுள் ஒன்றும் இல்லை.