மனேயின் மாணவப் பருவமும் எடுத்தாளல் கலையும்

ஏற்கெனவே உள்ள ஒரு கலைப்படைப்பையோ உருவத்தையோ எடுத்து, அது வேறோர் இடத்திலிருந்து வந்தது என்பது தெரியும்படியே புதிய படைப்பாக்குவது எடுத்தாளல் கலை எனப்படுகிறது. 1970களின் இறுதியில் நியூயார்க்கில் இது ஓர் இயக்கமாகப் பேசப்பட்டது. அதற்கு நெடுங்காலம் முன்பே, அருங்காட்சியகங்களில் நகலெடுத்துப் பழகிய ஓவிய மாணவர்களிடம் இதன் வேரைக் காணலாம். பிரெஞ்சு ஓவியர் எடுவார் மனே (1832–1883) இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு.

நகலெடுத்த ஆண்டுகள்

பாரிசின் லூவர் அரண்மனை 1793இல் பொது அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. தொடக்க காலத்தில் பொதுமக்களைவிட ஓவியர்களுக்கே அங்கு அதிக நாள்கள் ஒதுக்கப்பட்டன. பழைய ஓவியத்தின் முன் அமர்ந்து அதை அப்படியே வரைவதுதான் அக்காலத்தில் பாடம். லூவரில் இன்றும் அனுமதி பெற்று நகலெடுக்கலாம். ஆனால் நகல் அசலின் அளவிலேயே இருக்கக் கூடாது. அசலை வரைந்தவரின் கையொப்பத்தையும் இடக் கூடாது. நகலுக்கும் போலிக்கும் இடையிலான கோடு இந்த இரண்டு விதிகளில் அடங்கிவிடுகிறது.

மனே 1850இல் தோமா கூத்தூரின் ஓவியக்கூடத்தில் மாணவராகச் சேர்ந்து ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் பயின்றார். சேர்ந்த ஆண்டிலேயே லூவரில் நகலெடுப்பவராகவும் பதிவு செய்துகொண்டார். தெலக்ருவாவின் ‘தாந்தேயின் படகு’ ஓவியத்தை அவர் இருமுறை நகலெடுத்திருக்கிறார். லியோன் நகரில் உள்ள நகல் அசலை ஒட்டியே செல்கிறது. நியூயார்க்கின் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ளதோ, வண்ணத் தீற்றல்கள் தளர்ந்து, அசலிலிருந்து விலகத் தொடங்கிவிட்டது. இரண்டின் படங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும் மாணவருக்கு ஒரு நூல் சொல்வதைவிட அதிகம் விளங்கும்.

இத்தாலிப் பயணத்தில், புளோரன்சின் உஃபிசி காட்சிக்கூடத்தில் டிசியனின் ‘உர்பினோவின் வீனஸ்’ ஓவியத்தையும் அவர் நகலெடுத்தார்.

1863

மனேயின் ‘புல்வெளியில் பகலுணவு’ ஓவியத்தை 1863இல் அரசுக் கண்காட்சியின் நடுவர்கள் நிராகரித்தனர். நிராகரிக்கப்பட்ட படைப்புகளுக்கென மூன்றாம் நெப்போலியன் அனுமதித்த தனிக் கண்காட்சியில் அது வைக்கப்பட்டது. ஆடை உடுத்திய இரண்டு ஆண்கள். அவர்களோடு ஆடையின்றி அமர்ந்து பார்வையாளரை நேராக நோக்கும் ஒரு பெண். காட்சியின் கரு லூவரில் உள்ள ‘நாட்டுப்புற இசை’ என்ற வெனிஸ் ஓவியத்தை நினைவூட்டுவது. மூவரும் அமர்ந்திருக்கும் விதமோ ரபேலின் ‘பாரிசின் தீர்ப்பு’ என்ற அமைப்பைக் கொண்டு மார்க்கான்டோனியோ ரைமொண்டி செதுக்கிய அச்சுப்படத்தின் வலது கீழ் மூலையிலிருந்து வந்தது. அங்கே அவர்கள் நதித் தெய்வங்களும் ஒரு நீரணங்கும். மனே அவர்களைத் தம் காலத்துப் பாரிஸ்வாசிகளாக மாற்றினார். இந்த மூலம் பரவலாகப் பேசப்பட்டது 1908இல், குஸ்தாவ் பௌலி என்ற ஜெர்மானியக் கலை வரலாற்றாளர் அதைச் சுட்டிக்காட்டிய பிறகுதான்.

எடுத்தவரிடமிருந்து எடுத்தவர் மனே. ரபேலின் அமைப்பே பண்டைய ரோமானியக் கல்பேழைச் சிற்பங்களைத் தழுவியது. ரைமொண்டி முன்னர் ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரரின் மரச்செதுக்கு அச்சுகளை, அவருடைய முத்திரை எழுத்துகளையும் சேர்த்தே நகலெடுத்தவர். டியூரர் வெனிசில் முறையிட்டதாகவும், இனி அந்த முத்திரையை இடக் கூடாது என்ற உத்தரவு மட்டுமே கிடைத்ததாகவும் வசாரி எழுதுகிறார். படத்தை எடுக்கலாம், பெயரை எடுக்கக் கூடாது. லூவரின் இன்றைய விதியும் ஏறத்தாழ இதுவே.

1865இல் காட்சிக்கு வந்த ‘ஒலிம்பியா’வில் டிசியனின் வீனஸ் பாரிசின் விலைமகளாகிறாள். காலடியில் உறங்கிய நாய் கருப்புப் பூனையாகிறது. பின்னணியில் இருந்த பணிப்பெண் முன்னால் வந்து பூங்கொத்தை நீட்டுகிறாள். அவளுக்கு முன்மாதிரியாக நின்ற கறுப்பினப் பெண்ணின் பெயர் லோர். எதிர்ப்பு அதிகமாகவே, ஓவியத்தைச் சுவரின் மேற்பகுதிக்கு மாற்றிவிட்டனர். மூலம் மறைந்திருந்தால் இவ்வளவு கோபம் வந்திருக்காது என்றே தோன்றுகிறது. போற்றப்பட்ட ஓவியம் ஒன்று அடையாளம் தெரியும்படியே இடம் மாறியதுதான் உறுத்தியது.

நூறாண்டுக்கும் பின்னர், 1981இல், ஷெர்ரி லெவின் இதை எல்லைக்கே கொண்டுசென்றார். வாக்கர் எவன்ஸ் 1936இல் அலபாமாவில் எடுத்த நிழற்படங்களை ஒரு நூலிலிருந்து மீண்டும் படமெடுத்து, எதையும் மாற்றாமல் காட்சிக்கு வைத்தார். தலைப்பிலேயே எவன்ஸின் பெயர் இருந்தது.

பெயர் இல்லாத மூலங்கள்

‘ஒலிம்பியா’ 1907இல் லூவருக்குள் நுழைந்தது. அதே ஆண்டில் பாரிசின் துரோக்காதெரோ இனவரைவியல் அருங்காட்சியகத்துக்குச் சென்ற பிக்காசோ ஆப்பிரிக்க முகமூடிகளைக் கண்டார். ‘அவிஞோன் பெண்கள்’ ஓவியத்தின் வலப்புற முகங்களில் அவற்றின் சாயல் உண்டு. அந்த வருகையின் தாக்கத்தைப் பின்னாளில் ஆந்த்ரே மால்ரோவிடம் அவரே விவரித்தார். வேறு சமயங்களில் ஆப்பிரிக்கக் கலையின் பங்கை மறுத்தும் பேசினார்.

பிக்காசோ மனேயிடமிருந்தும் எடுத்திருக்கிறார். 1959 முதல் 1962 வரை ‘புல்வெளியில் பகலுணவு’ ஓவியத்தைக் கொண்டு 27 ஓவியங்களும் நூற்றுக்கும் மேற்பட்ட வரைபடங்களும் படைத்தார். அவற்றின் தலைப்புகள் மனேயைப் பெயர் சொல்லியே அழைக்கின்றன. முகமூடிகளைச் செதுக்கியவர்களுக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. கிடைக்க வழியும் இல்லை; பொருள்களைக் கொண்டுவந்தவர்கள் செய்தவரின் பெயரைப் பெரும்பாலும் கேட்டு எழுதவில்லை. டிசியனிடமிருந்து எடுப்பதும் இதுவும் ஒன்றல்ல. இங்கே எடுத்தல் ஓவியர் தூரிகையைத் தொடும் முன்பே நடந்து முடிந்துவிட்டது.

தாகோமி அரசின் அபோமி அரண்மனையைக் கைப்பற்றிய பிரெஞ்சுப் படைத்தலைவர் தோத், அங்கிருந்த அரச சிலைகளை 1890களில் இதே துரோக்காதெரோ அருங்காட்சியகத்துக்கு அளித்தார். அவை உட்பட 26 பொருள்களைப் பிரான்சு 2021 நவம்பரில் பெனின் நாட்டிடம் திருப்பித் தந்தது. அவற்றுள் சிங்க உருவிலுள்ள அரசர் கிளெலெயின் சிலையும் சுறா உருவிலுள்ள பெகான்சினின் சிலையும் சோசா தெதே என்ற சிற்பி செய்தவை என்று இப்போது கருதப்படுகிறது.