காடியும் பத்துப் பேர் கணக்கும்

டேடோ என்று நம்ம ஊர்க் கொத்தனாரிடம் சொன்னால் பாத்ரூம் சுவர் டைல்ஸைத்தான் காட்டுவார். இத்தாலிய மொழியில் அது தாயக்கட்டை. தூண் பீடத்தின் கனசதுரப் பகுதிக்குப் பெயராகி, பிறகு சுவரின் கீழ்ப்பகுதிக்கு வந்தது. அமெரிக்கத் தச்சர்களோ பலகைக்குக் குறுக்கே வெட்டும் பள்ளத்தை டேடோ என்கிறார்கள். தமிழில் காடி (புளித்த காடி வேறு!). அலமாரித் தட்டின் முனை காடிக்குள் உட்கார்ந்துவிட்டால் புத்தகங்களின் எடையைப் பக்கப்பலகையே தாங்கும், ஸ்க்ரூ தாங்க வேண்டாம்.

முன்பு உளியும் இழைப்புளியும் செய்த வேலை இது. வட்ட ரம்பத்துக்கு இங்கிலாந்தில் சாமுவேல் மில்லர் காப்புரிமை வாங்கியது 1777-இல். அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் ஹூதர் பிரதர்ஸ் நிறுவனம், இரண்டு ரம்பங்களுக்கு நடுவே சீவும் பற்களை அடுக்கி, ஒரே ஓட்டத்தில் அகலமாகக் காடி வெட்டும் தலையை விற்றது. சின்ன டேபிள் சாவில் அதை மாட்ட அச்சு நீளம் போதாது. 18 மி.மீ. பிளைவுட்டுக்கு 3 மி.மீ. பிளேடை ஆறேழு முறை ஓட்ட வேண்டியதுதான்.

ஆபத்து அங்கேதான். காடி பலகையை முழுசா அறுப்பதில்லை. அதனால் பிளேடுக்குப் பின்னால் உயர்ந்து நிற்கும் பிளவுத்தகடு மரத்தில் முட்டும். அதில் மாட்டிய மூடியோடு சேர்த்துக் கழற்றிவிடுகிறார்கள். பிளேடு பலகைக்கு அடியில் மறைந்திருப்பதால் பயமும் போய்விடுகிறது. பலகை உதறினால், மேலே அழுத்திக்கொண்டிருந்த கை நேரே பல்லின் மேல் விழும்.

சட்டம் எழுதியவர்களுக்கு இது தெரிந்தே இருந்தது. பிளவுத்தகடும் மேல்மூடியும் வேண்டும் என்று பிரிட்டன் 1922-இல் விதி போட்டது. நம்முடைய 1950-ஆம் ஆண்டு மெட்ராஸ் தொழிற்சாலை விதிகளும் மரவேலை இயந்திரங்களுக்கு அதையே கேட்டன. பிரிட்டன் 1974-இல் இன்னும் ஒரு படி போய், மேசைக்கு மேல் தெரியும் பகுதியைச் சரியாக மூடாமல் வட்ட ரம்பத்தில் காடியே வெட்டக்கூடாது என்றது. எனக்கு இந்த வரிசையில் மிகவும் பிடித்த விதி இதுதான். வேலையின் பெயரைச் சொல்லியே தடுத்தது.

ஆனால் விதி யாருக்கு? 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் பொதுவான கணக்கில், மின்சாரம் ஓடும் இடத்தில் பத்துப் பேர் வேலை செய்தால்தான் அது தொழிற்சாலையாக இருந்தது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஆள் நிறைந்த ஷெட்டுக்குள் இருக்கும் ரம்பம் கணக்கில் வரும். திருவள்ளூரில் புது வீட்டுக்கு அலமாரி செய்ய வரும் இரண்டு ஆசாரிகளின் ரம்பம் வராது. அதுவோ பெரும்பாலும் கையில் பிடிக்கும் மெஷின். பிளைவுட் பலகைக்கு அடியில் தலைகீழாகத் திருகி, ஸ்ப்ரிங் மூடியைக் கயிற்றால் இழுத்துக் கட்டி, ஸ்விட்சை அழுத்தியபடியே பூட்டி வைத்தது. மூடி இயங்காத அந்த மேசையில்தான் வீட்டு அலமாரிக்குக் காடி வெட்டுகிறார்கள். ரூட்டர் வைத்திருப்பவர்கள் தப்பித்தார்கள். அதில் பலகை அசையாது, கருவிதான் நகரும், இரண்டு கையும் பிடியில் இருக்கும்.

2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அந்தப் பத்தை இருபது ஆக்கியது.