ஆறு சிறுவர்களும் ஒரு மருத்துவரும்

1924ஆம் ஆண்டில் மாஸ்கோவின் சிகிச்சை நிலையம் ஒன்றுக்கு 12 வயதுச் சிறுவன் ஒருவன் அழைத்து வரப்பட்டான். ஐந்து வயதிலேயே தானாக வாசிக்கக் கற்றவன், பொம்மைகளை நாடாதவன், சக பிள்ளைகளை விடுத்துப் பெரியவர்களோடு பேசவே விரும்பினான். மெலிந்து கூனிய உடல், தடுமாறும் நடை, அடிக்கடி வயிற்றுவலி. அவனைக் கூர்ந்து கவனித்த மருத்துவர் க்ரூன்யா சுகரேவா. அவன் மிகுந்த அறிவாளி என்பதையும் தத்துவ விவாதங்களில் நாட்டமுள்ளவன் என்பதையும் குறித்துக்கொண்டார்.

1891இல் கீவ் நகரில் பிறந்த சுகரேவா, 1921இல் மாஸ்கோவுக்கு வந்தார். உலகப் போரும் புரட்சியும் உள்நாட்டுப் போரும் அநாதைகளாக்கிய குழந்தைகள் வீதிகளில் நிறைந்திருந்த காலம் அது. அவர்களுக்கென அமைந்த சிகிச்சைப் பள்ளியில் உடற்பயிற்சி, ஓவியம், மரவேலை ஆகியவையே மருந்துகளாயின. பிள்ளைகள் இரண்டு மூன்று ஆண்டுகள் அங்கேயே தங்கினர். சுகரேவாவின் எழுத்துக்கு வலிமை தந்தது இந்த நீண்ட உடனிருப்புதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு மணி நேரப் பரிசோதனையில் ஒரு குழந்தையின் குறை தெரியலாம், குழந்தை தெரிவதில்லை.

ஆறு சிறுவர்களைப் பற்றிய அவருடைய கட்டுரை 1925இல் ரஷ்ய மொழியிலும் 1926இல் ஜெர்மன் மொழியிலும் வெளிவந்தது. உணர்ச்சி வெளிப்பாட்டின் வறட்சி, ஒன்றிலேயே மூழ்கும் ஆர்வம், பிறரோடு ஒட்டாமை என இன்று ஆட்டிசம் என்று நாம் அறிவன பலவும் அதில் இருக்கின்றன. அவர்களுடைய திறமைகளையும் அவர் விடாமல் பதிந்தார். அமெரிக்காவின் லியோ கானர் 1943இலும், வியன்னாவின் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் 1944இலும் எழுதியவையே பின்னர் மூலநூல்களாகக் கொண்டாடப்பட்டன. ஜெர்மன் மொழியிலேயே எழுதிய ஆஸ்பெர்கரின் கட்டுரையில் சுகரேவாவின் பெயர் இல்லை. குழந்தைகள் கொல்லப்பட்ட ஸ்பீகல்குருண்ட் விடுதிக்கு ஆஸ்பெர்கர் சிலரை அனுப்பியதை ஹெர்விக் செக் என்ற வரலாற்றாய்வாளர் 2018இல் ஆவணங்களோடு வெளியிட்டார்.

ஆஸ்பெர்கரின் பெயரை ஆங்கில மருத்துவ உலகில் நிலைநிறுத்திய லோர்னா விங்கின் கட்டுரை வெளிவந்தது 1981இல். சுகரேவா மாஸ்கோவில் மறைந்ததும் அதே ஆண்டில்தான். 1996இல்தான் எடின்பரோவின் குழந்தை மனநல மருத்துவர் சூலா வூல்ஃப் அந்த ஆறு சிறுவர்களை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். சிறுமிகளைப் பற்றி சுகரேவா 1927இல் எழுதிய தொடர்ச்சி ஆங்கிலத்தில் வெளிவர 2020 ஆயிற்று.