கொச்சி வன டிராம்வே: உடைமையும் வழியும்

ஆனைமலைத் தொடரின் தேக்கை வெளிக்கொணரும் முயற்சியில் 19ஆம் நூற்றாண்டின் மதராஸ் மாகாணம் யானைகளையும் மாட்டுவண்டிகளையும் டாப்சிலிப்பின் மலைச்சரிவையும் நம்பியிருக்க, அதே தொடரின் மேற்குப்பகுதியான பரம்பிக்குளத்தை ஆண்ட கொச்சி சமஸ்தானம் 1907இல் அங்கிருந்து சாலக்குடி வரை ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளத்திற்கு ஒரு வன டிராம்வேயை, அதாவது காட்டுமரம் ஏற்றுவதற்கென்றே அமைந்த எளிய இருப்புப்பாதையை, இயக்கத் தொடங்கியது. மன்னர் இராம வர்மாவின் ஆட்சிக்காலத்தில் (1895–1914) உருவான இப்பாதையில் ஓரென்ஸ்டைன் கொப்பல் என்னும் ஜெர்மானிய நிறுவனத்தின் நீராவி எஞ்சின்கள் ஓடின. எஞ்சின் ஏற இயலாத செங்குத்தான இடங்களில் சரிவுப்பாதைகள் இருந்தன. அங்கே மரம் ஏற்றிய பெட்டிகள் கீழிறங்கும் பளுவே, வடத்தின் மறுமுனையில் கட்டிய வெற்றுப் பெட்டிகளை மேலே இழுத்தது. மலையின் உயரத்தையே விசையாக மாற்றிய இந்த ஏற்பாடு உண்மையிலேயே வியப்புக்குரியது.

அமெரிக்காவில் மரக்கம்பெனிகள் இட்ட காட்டுப்பாதைகள் பெரும்பாலும் தற்காலிகமானவை; ஒரு காடு வெட்டி முடிந்ததும் தண்டவாளம் பெயர்க்கப்பட்டு அடுத்த காட்டுக்குப் போகும். கொச்சியிலோ காடும் பாதையும் அரசின் உடைமைகளாக இருந்தமையால், பாதையின் வரவுசெலவைக் காட்டின் வருவாயிலிருந்து பிரித்துப் பார்த்து இலாபநட்டம் கூறுவது பொருந்தாது. சாலக்குடி வழியே 1902இல் திறக்கப்பட்ட சோரனூர்–கொச்சி ரயில்பாதையும் சமஸ்தானத்தின் முதலீட்டில் உருவானதே. அதுவும் டிராம்வேயும் மீட்டர் கேஜ், அதாவது தண்டவாளங்களுக்கிடையே ஒரு மீட்டர் இடைவெளி கொண்டவை. 1930களில் பெரிய பாதை அகலப்பாதையாக மாறியபோது இந்த ஒருமை குலைந்தது.

1949இல் திருவிதாங்கூருடன் கொச்சி இணைந்ததும், 1956இல் கேரளம் பிறந்ததும் டிராம்வேயின் உடைமையை இருமுறை கைமாற்றின. சாலையும் லாரியும் பெருகிய காலத்தில் அதை 1963இல் மூடியது, செலவுக்கணக்கை மட்டும் நோக்கினால் ஏற்கத்தக்க முடிவாகவே தோன்றும். ஆனால் அக்கணக்கில் சேராத இழப்பு ஒன்று உண்டு. வெள்ளிக்குளங்கரை வழியாகச் சமவெளிக்கு இறங்கிய அப்பாதையே மேற்கிலிருந்து பரம்பிக்குளத்திற்குச் செல்லக் கொச்சி தானே அமைத்துக்கொண்ட வழி; அது காட்டில் புதைந்த பின், கேரளத்திற்குச் சொந்தமான அந்நிலத்தை வாகனத்தில் அடைய வேண்டுவோர் தமிழ்நாட்டின் பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் வழியாகவே செல்ல வேண்டியதாயிற்று. பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தின்கீழ் எழுந்த அணையும் கேரள மண்ணில் நின்றபடி தமிழ்நாட்டின் பராமரிப்பில் இயங்குகிறது; இவ்விரு மாநிலங்களின் நீர்ப்பகிர்வு ஒப்பந்தம் 1970இல் கையெழுத்தானது. நீர்ப்பகிர்வைப் பற்றி எழுதுவோர் அணைகளிலிருந்தே தொடங்குவது வழக்கமாயினும், அந்நிலத்தின் உரிமையாளர் தம் வழியைக் கைவிட்ட 1963ஆம் ஆண்டும் அவ்வரலாற்றில் இடம்பெற வேண்டும்.