குழந்தைகளின் தோட்டமும் காகித நட்சத்திரமும்



பாலர் பள்ளியிலிருந்து திரும்பும் பிள்ளையின் கையில் சில நாள்களில் வண்ணக் காகிதம் ஒட்டிய அட்டை ஒன்று இருக்கும். "எழுத்துச் சொல்லிக் கொடுக்காமல் காகிதம் வெட்ட விடுகிறார்களே!" என்று வீட்டுப் பெரியவர்கள் சலித்துக்கொள்வதுண்டு. விடியுமுன் எழுந்து பால்வெட்டுக்குப் போய்ப் பிள்ளையைப் படிக்கவைத்த குடும்பங்களுக்குப் பள்ளி நாள் ஒவ்வொன்றும் அருமையானது. ஆகவே அந்தச் சலிப்பைக் குறை சொல்ல முடியாது. ஆனால் காகிதமும் கத்தரிக்கோலும் வகுப்பறைக்குள் எப்படி வந்தன என்ற வரலாற்றை அறிந்துகொண்டால், அந்த அட்டையை நாம் வேறு கண்ணோடு பார்ப்போம். அதற்காக இன்று ஜெர்மனி நாட்டின் குளிர்காலத்துக்குச் சென்று வருவோம்.

நமக்கு ஆண்டு முழுவதும் பகலும் இரவும் ஏறத்தாழ ஒரே அளவு. வட ஜெர்மனியில் அப்படியல்ல. டிசம்பர் மாதத்தில் காலை எட்டு மணிக்குப் பிறகே சூரியன் தலைகாட்டும். மாலை நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். வெளியே பனியும் குளிரும் இருப்பதால், பிள்ளைகள் அறைக்குள்ளேயே அடைபட்டிருப்பார்கள். கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு முந்திய நான்கு ஞாயிற்றுக்கிழமைகளையும் அங்கே திருவருகைக் காலம் என்று காத்திருந்து கொண்டாடுவார்கள். காத்திருத்தல் பெரியவர்களுக்கே கடினம். குழந்தைகளுக்குச் சொல்ல வேண்டுமா? அந்த நீண்ட மாலைகளில்தான் நாம் பேசப்போகும் கைவேலைகள் பிறந்தன.

கிழக்கு ஜெர்மனியில் நீஸ்கி என்று ஒரு சிற்றூர். மொரேவியச் சகோதரர் என்னும் கிறிஸ்தவச் சபையார் அங்கே ஒரு விடுதிப்பள்ளி நடத்தினார்கள். இந்தச் சபையாரில் சிலர் 1760-ஆம் ஆண்டிலேயே தமிழகத்தின் தரங்கம்பாடிக்கு வந்து குடியேறியவர்கள். கிரீன்லாந்தின் பனிநிலம், மேற்கிந்தியத் தீவுகள், தென்னாப்பிரிக்கா என்று எங்கெங்கோ சமயப் பணிக்குப் போனவர்கள், தங்கள் பிள்ளைகளைச் சிறு வயதிலேயே தாய்நாட்டு விடுதிகளுக்கு அனுப்பிவிடுவார்கள். கடிதம் போய்ச் சேரவே மாதக்கணக்காகும். பெற்றோரின் முகத்தை ஆண்டுக்கணக்கில் காணாத பிள்ளைகளும் உண்டு. பிழைப்புக்காகக் கடல் கடந்து வந்து, ஊரிலிருந்து வரும் கடிதத்துக்காகக் காத்திருந்த முன்னோர்களின் வழிவந்த நமக்கு இந்தப் பிரிவை விளக்கத் தேவையில்லை.

அந்த விடுதியில் வடிவியல் பாடத்துக்காகக் காகிதத்தில் கூம்புகள் செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். அக்கூம்புகளை ஒன்றாகச் சேர்த்தபோது நட்சத்திரம் உருவாயிற்று. 1821-ஆம் ஆண்டு ஜனவரியில் பள்ளியின் 50-ஆம் ஆண்டு விழாவில் 110 முனைகள் கொண்ட நட்சத்திரம் ஒன்று விளக்கேற்றித் தொங்கவிடப்பட்டது. பின்னர் திருவருகைக் காலத்தில் நட்சத்திரம் செய்வது விடுதிப் பிள்ளைகளின் வழக்கமாயிற்று. அவர்கள் பெரியவர்களாகித் தங்கள் வீடுகளுக்கும் அதைக் கொண்டுபோனார்கள். 1897-ஆம் ஆண்டில் அருகிலிருந்த ஹெர்ன்ஹூட் என்னும் ஊரில் விற்பனைக்கே செய்யத் தொடங்கினார்கள். இன்றும் அது ஹெர்ன்ஹூட் நட்சத்திரம் என்றே வழங்கப்படுகின்றது.

இன்று பெரும்பாலும் காணப்படும் நட்சத்திரத்துக்கு 25 முனைகள். அதில் உள்ள கணக்கைப் பாருங்கள். நடுக்கூட்டுக்குச் சதுர முகங்கள் 18, முக்கோண முகங்கள் 8, ஆக 26 முகங்கள். விளக்கை உள்ளே வைக்க ஒரு சதுரத்தைத் திறந்து விட்டுவிட்டு, மற்றவை ஒவ்வொன்றிலும் ஒரு கூம்பை ஒட்டுகிறார்கள். சதுர அடி கொண்டவை 17, முக்கோண அடி கொண்டவை 8. அளவு சற்றே தவறினாலும் கூம்பு பொருந்தாது. ஆசிரியர் அடிக்கவும் வேண்டாம், திட்டவும் வேண்டாம். பிழையைக் காகிதமே காட்டிக் கொடுத்துவிடும்!

அடுத்து ஹாம்பர்க் நகரம். அங்கே யோஹான் ஹின்ரிக் விகர்ன் என்னும் சமய ஊழியர், 1833-ஆம் ஆண்டில் ஏழைப் பிள்ளைகளுக்காக ஓர் இல்லம் தொடங்கினார். "கிறிஸ்துமஸ் எப்போது, எப்போது?" என்று பிள்ளைகள் அவரைத் துளைத்தெடுத்ததாகச் சொல்வார்கள். 1839-ஆம் ஆண்டில் அவர் ஒரு வண்டிச் சக்கரத்தை எடுத்து அதன்மேல் மெழுகுவத்திகளைப் பொருத்தினார். ஞாயிற்றுக்கிழமைகளுக்கு 4 பெரிய வெள்ளை வத்திகள், மற்ற நாள்களுக்கு 20 சிறிய சிவப்பு வத்திகள். நாளுக்கொன்றாக ஏற்ற ஏற்ற, இன்னும் எத்தனை நாள் என்பதைப் பிள்ளைகள் தாங்களே எண்ணிக்கொண்டார்கள். நாட்காட்டி வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கும் கழித்தல் கணக்கு கண்முன்னே எரிந்தது. இன்று நான்கு மெழுகுவத்திகளோடு வீடுகளிலும் வகுப்பறைகளிலும் வைக்கப்படும் பசுந்தழை வளையம் அந்தச் சக்கரத்தின் வழிவந்ததுதான்.

இவற்றையெல்லாம் முறையான கல்வியாக வகுத்தவர் பிரீட்ரிக் பிரோபெல். 1782-ஆம் ஆண்டில் பிறந்த இவர், ஒரு வயது நிறைவதற்குள் தாயை இழந்தவர். 1837-ஆம் ஆண்டில் பிளாங்கன்பர்க் என்னும் ஊரில் சிறு குழந்தைகளுக்கான நிலையத்தைத் தொடங்கி, 1840-ஆம் ஆண்டில் அதற்குக் 'கிண்டர்கார்ட்டன்' என்று பெயர் சூட்டினார். குழந்தைகளின் தோட்டம் என்பது அதன் பொருள். கம்பளி நூல் பந்துகள், மரக் கட்டைகள் என்று படிப்படியாகக் கொடுத்து, பிறகு காகிதம் மடித்தல், வெட்டுதல், பின்னுதல் ஆகிய கைவேலைகளை வைத்தார். சதுரத் தாளை மூலைக்கு மூலை மடித்தால் இரண்டு முக்கோணம். மீண்டும் மடித்தால் நான்கு. பின்னத்தின் பெயரைக் கேட்குமுன்பே பாதியையும் காலையும் விரல்கள் அறிந்துகொள்கின்றன. நான்கு காகிதக் கீற்றுகளைப் பின்னிச் செய்யும் 16 முனைக் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் ஒன்று இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகின்றது.

இந்த விளையாட்டுக் கல்வியை அக்காலத்து அரசு எப்படிப் பார்த்தது தெரியுமா? 1851-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பிரஷ்ய அரசு கிண்டர்கார்ட்டன்களுக்குத் தடை விதித்தது. அவை நாத்திகத்தையும் சோசலிசத்தையும் பரப்புகின்றன என்பது குற்றச்சாட்டு. பிரோபெலின் அண்ணன் மகனான கார்ல் பிரோபெலின் கருத்துகளை இவருடையவை என்று குழப்பிக்கொண்டதும் ஒரு காரணம். தடை நீங்குவதைக் காணாமலே 1852-ஆம் ஆண்டு ஜூன் மாதம் பிரோபெல் காலமானார். 1860-ஆம் ஆண்டில்தான் தடை அகற்றப்பட்டது.

ஆனால் விதை அதற்குள் பறந்துவிட்டது. அவரிடம் பயின்ற மார்கரெத் ஷூர்ஸ் என்னும் பெண்மணி, 1856-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வாட்டர்டவுன் நகரில் தம் வீட்டிலேயே ஒரு கிண்டர்கார்ட்டனைத் தொடங்கினார். டென்மார்க் நாட்டில் இரு வண்ணத் தாள்களைப் பாய் முடைவதுபோல் பின்னி இதய வடிவில் சிறு பை செய்து கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடுவார்கள். புகழ்பெற்ற கதாசிரியர் ஆன்டர்சன் 1860-ஆம் ஆண்டில் செய்த அத்தகைய இதயம் ஒன்று இன்னும் பாதுகாக்கப்படுகின்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலர் வகுப்புகளின் வழியாக அது அந்நாடு முழுவதும் பரவிற்று.

நேயர்களே, மலேசியாவில் பாலர் பள்ளியைத் 'தாடிகா' என்கிறோம். அச்சொல்லின் முதல் எழுத்துகள் 'தாமான்' என்பதிலிருந்து வந்தவை. தாமான் என்றால் பூந்தோட்டம். பிரோபெல் வைத்த பெயரின் சாயல் அதில் இருக்கின்றது. தோட்டம் என்றவுடன் நமக்கோ ரப்பர் மரங்களும் லயங்களும், பெற்றோர் வேலைக்குப் போனபின் பிள்ளைகள் இருந்த ஆயாக் கொட்டகையும்தான் நினைவுக்கு வரும். அந்தத் தோட்டத்திலும் கைவேலை இருந்தது. கோயில் திருவிழாவுக்குத் தென்னங்குருத்தைக் கிழித்துத் தோரணம் மடித்த தாத்தாவும், புள்ளி எண்ணிக் கோலமிட்ட பாட்டியும், கணக்கையும் பொறுமையையும் விரல்களால் கற்றவர்களே. அதைப் படிப்பு என்று யாரும் சொல்லவில்லை, அவர்களும் சொல்லிக்கொள்ளவில்லை.

அடுத்த முறை பிள்ளை காகித நட்சத்திரம் ஒன்றைக் கொண்டுவந்தால் மூலையில் போட்டுவிடாதீர்கள். மடியில் உட்காரவைத்து, "இதற்கு எத்தனை முனை? எப்படி மடித்தாய்?" என்று கேளுங்கள். அது சொல்லி முடிக்கும்வரை கேளுங்கள். அதன்பின் உங்களுக்குத் தெரிந்த தோரண மடிப்பை அதற்குச் சொல்லிக் கொடுங்கள்.